விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை: லினக்ஸில் மிடி கன்ட்ரோலர் – வாசகர் கேள்வி பதில்

மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது முறை) கீபோர்டு, ஃபேடர் (தள்ளு கட்டுப்பாடு) பெட்டி, பேடு ஆகியவற்றை வைத்து லினக்ஸில் இசை செய்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைகளின் பெயர்களைச் சொல்லும் விதத்திலேயே தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் சிறு கோடு உண்டு என்று சொன்னால் தவிர, ஒரே சொல்லாக அடியுங்கள்.

கேள்வி: 25 கீ உள்ள யூஎஸ்பி மிடி கீபோர்டு வாங்கினேன். செருகினால் விளக்கு எரிகிறது. எந்த கீயை அழுத்தினாலும் சத்தமே இல்லை. டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: டிரைவர் தேட வேண்டாம். யூஎஸ்பி மிடிக்குப் பொது வரையறை 1999இலேயே வந்துவிட்டது. அதன்படி செய்த கருவி எதுவானாலும் லினக்ஸ் கெர்னலில் இருக்கும் யூஎஸ்பி ஆடியோ மாட்யூலே அதை ஏற்றுக்கொள்ளும். சத்தம் வராததற்குக் காரணம் வேறு. இந்தக் கீபோர்டுக்குள் ஒலியே கிடையாது. ‘இந்த கீ, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது’ என்ற செய்தியை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஒலி எழுப்ப ஃப்ளூயிட்சிந்த் போன்ற ஒரு சாஃப்ட் சிந்த், அதாவது ஒலி உண்டாக்கும் மென்பொருள், ஓட வேண்டும், கீபோர்டையும் அதையும் நீங்கள் இணைக்க வேண்டும்.

முதலில் ஆல்சா (லினக்ஸின் ஒலி அடுக்கு) யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். பிறகு ‘ஏகனெக்ட்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் எல் எழுத்தும் சேருங்கள். மிடி போர்ட்டுகளின் பட்டியல் வரும். 0 என்ற எண்ணில் சிஸ்டம், 14இல் மிடி த்ரூ ஆகிய இரண்டும் வழக்கமாக இருப்பவை. அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் கீபோர்டின் பெயர் அதில் இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் கேபிள் சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. அதனால்தான் விளக்கு மட்டும் எரியும்.

பெயர் இருந்தால் அடுத்த கட்டளை ஏசெக்டம்ப். ஏ, எஸ், இ, க்யூ ஆகிய நான்கு எழுத்துகளோடு டம்ப் என்ற சொல்லைச் சேர்த்து அடித்து, சிறு கோடு, பி, அதன்பின் கீபோர்டின் போர்ட் எண்ணைக் கொடுங்கள். இப்போது நடு ‘ஸி’ கீயை அழுத்தினால் நோட் ஆன், சேனல் 0, நோட் 60, வெலாசிட்டி 87 என்பதுபோல ஒரு வரி ஓடும். விட்டதும் நோட் ஆஃப். இந்த வரி வந்துவிட்டால் கீபோர்டின் மேல் குறை இல்லை. மிச்சமெல்லாம் இணைப்பு விஷயம்தான். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற கேள்விகளுக்கும் இந்தக் கட்டளையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறோம். கன்ட்ரோலர் என்ன அனுப்புகிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

சேனல் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசெக்டம்ப் 0 என்று காட்டுவதைத்தான் கருவியின் கையேடு 1 என்கிறது. பைத்தானின் மிடோ நூலகமும் 0இலிருந்துதான் எண்ணும். மிடி செய்திகளை மாற்றும் மிடிடிங்ஸ், ஒலிப்பதிவு மென்பொருள் ஆர்டூர் இரண்டும் 1இலிருந்து எண்ணும். ஒன்று கூடி, ஒன்று குறைந்து பலருக்கு ஒரு மாலை நேரமே இதில் போய்விடும்.

இணைக்க, ஏகனெக்ட் என்று அடித்து கீபோர்டின் எண்ணையும் சிந்த்தின் எண்ணையும் வரிசையாகக் கொடுங்கள். படமாகப் பார்த்து இழுத்து இணைக்க விரும்பினால் பைப்வயர் (ஒலியை நிரல்களுக்கிடையே கடத்தும் சேவை) உள்ள கணினியில் க்யூபிடபிள்யூகிராஃப் நன்றாக இருக்கும். ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி’ என்று வந்தால், வேறொரு மென்பொருள் கருவியை நேரடியாகத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை மூடினால் வழி விடும்.

கேள்வி: ஒவ்வொரு முறை செருகும்போதும் போர்ட் எண் மாறுகிறது. நேற்று 20, இன்று 28. எழுதிவைத்த ஸ்கிரிப்ட் வேலை செய்வதில்லை. தானாக இணைய வழி உண்டா?

பதில்: எண்ணை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். ஏகனெக்ட் பெயரையும் ஏற்கும்; பெயரின் முன்பகுதி பொருந்தினாலும் போதும். ஃப்ளூயிட்சிந்த்துக்கு இது மிகவும் உதவும். அதன் போர்ட் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும், அது ஒவ்வொரு முறையும் மாறும். முன்பகுதியை மட்டும் மேற்கோளுக்குள் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பெயருக்குள் இடைவெளி இருப்பதால் மேற்கோளை மறக்கக் கூடாது.

செருகியவுடன் தானாக இணைய, சிலர் யூடெவ் (கருவி செருகப்படுவதைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) விதியில் நேரடியாக ஸ்கிரிப்டை ஓட்டப் பார்ப்பார்கள். அது சரிவராது. யூடெவ் ரூட் பயனராக ஓடும்; உங்கள் பைப்வயரோ உங்கள் பயனர் கணக்கில் ஓடும். தவிர, யூடெவ் துவக்கிய நிரல் நீண்ட நேரம் ஓடினால் அதை அது நிறுத்திவிடும்.

எளிய வழி ஆல்சாவிலேயே இருக்கிறது. 0 எண்ணுள்ள சிஸ்டத்தின் 1ஆவது போர்ட்டுக்கு அனவுன்ஸ் என்று பெயர். புதிய போர்ட் எது வந்தாலும் போனாலும் அது அறிவிக்கும். ஏசெக்டம்ப்பை 0:1 என்ற முகவரிக்குத் திருப்பி வைத்து, கீபோர்டைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். ‘போர்ட் ஸ்டார்ட்’ என்ற வரி வரும். அந்த வெளியீட்டை ஒரு ஷெல் லூப்புக்குள் பைப் செய்து, போர்ட் ஸ்டார்ட் என்ற சொல் வரும்போதெல்லாம் உங்கள் ஏகனெக்ட் வரிகளை ஓடவிடுங்கள். ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். முன்பே இணைந்திருந்தால் ‘ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பிழைச்செய்தி வரும், அதனால் கெடுதல் இல்லை. இந்த ஸ்கிரிப்டை, சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் சர்வீஸாகப் பதிந்துவிட்டால் லாகின் செய்ததிலிருந்து காவல் இருக்கும்.

ஃப்ளூயிட்சிந்த் மட்டும்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதுகூட வேண்டாம். அதன் மிடி ஆட்டோகனெக்ட் அமைப்பை 1 ஆக்கினால் இருக்கும் கீபோர்டுகளை அதுவே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். எப்போதும் ‘ஸி’யிலேயே ஸட்ஜம் வைத்து வாசித்துப் பழக்கம். பாடுபவருக்கு ஏற்ப பேடை அழுத்தினால் கட்டை (சுருதி) மாற வேண்டும் என்று பைத்தானில் மிடோ வைத்து எழுதினேன். வேலை செய்கிறது. ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போது கட்டை மாற்றினால் ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: அருமையான வேலை செய்திருக்கிறீர்கள். இந்தப் பிழை கிட்டத்தட்ட எல்லா டிரான்ஸ்போஸ் ஸ்கிரிப்டிலும் முதல் முறை வரும், ஆகவே காரணத்தை விரிவாகவே சொல்கிறோம்.

1 கட்டையில் இருக்கிறீர்கள், அதாவது நோட் எண்ணோடு ஸ்கிரிப்ட் கூட்டுவது 0. நோட் 60ஐ அழுத்துகிறீர்கள். சிந்த்துக்கு 60க்கான நோட் ஆன் போகிறது. விரலை எடுக்கும் முன் 5 கட்டை பேடை அழுத்துகிறீர்கள். கூட்டல் 7 ஆகிறது. இப்போது விரலை எடுத்தால் கீபோர்டு 60க்கான நோட் ஆஃப் அனுப்பும். ஸ்கிரிப்ட் அதோடு 7 கூட்டி 67க்கான நோட் ஆஃப் என்று சிந்த்துக்குச் சொல்லும். 67 ஒலிக்கவே இல்லை, 60ஐ யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. அதனால் அது பாடிக்கொண்டே இருக்கிறது.

மருந்து இதுதான். நோட் ஆஃப் வரும்போது கணக்குப் போடாதீர்கள். நோட் ஆன் வரும்போதே கணக்குப் போட்டு, ‘இந்த கீக்கு இந்த நோட்டை இந்த சேனலில் அனுப்பினேன்’ என்று பைத்தான் டிக்ஷனரியில் எழுதி வையுங்கள். சாவியாக கீபோர்டின் சேனலும் நோட் எண்ணும், மதிப்பாக நீங்கள் அனுப்பிய சேனலும் நோட்டும். நோட் ஆஃப் வந்ததும் டிக்ஷனரியிலிருந்து அந்த மதிப்பை எடுத்து, அதையே நிறுத்தச் சொல்லி, பதிவை நீக்குங்கள். இடது கைக்கு ஒரு வாத்தியம், வலது கைக்கு ஒரு வாத்தியம் என்று கீபோர்டைப் பிரிக்கும் ஸ்கிரிப்டுக்கும் இதே முறைதான்.

இதைச் செய்தும் சிலருக்கு நோட் தொங்கும். வெலாசிட்டி 0 உள்ள நோட் ஆன் வந்தால் அதற்கு நோட் ஆஃப் என்றே பொருள். பல கீபோர்டுகள் அப்படித்தான் அனுப்புகின்றன. செய்தியின் வகையை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதைப் புதிய நோட்டாக எண்ணிவிடும். ஆகவே முதல் நிபந்தனையே ‘நோட் ஆஃப், அல்லது வெலாசிட்டி 0 உள்ள நோட் ஆன்’ என்று இருக்கட்டும். கூட்டிய பிறகு எண் 0க்குக் கீழேயோ 127க்கு மேலேயோ போனால் அந்த நோட்டை விட்டுவிடுங்கள். மிடோ பிழை காட்டி ஸ்கிரிப்டையே நிறுத்திவிடும், மேடையில் அது நடக்கக் கூடாது. ஸ்கிரிப்ட் முடியும்போது டிக்ஷனரியில் மிச்சமிருப்பவை எல்லாவற்றுக்கும் நோட் ஆஃப் அனுப்பும்படி ஒரு முடிவுப் பகுதியும் வையுங்கள். அவசரத்துக்கு ஒரு பேடில் சிசி (கன்ட்ரோல் சேஞ்ச், எண்ணிட்ட கட்டுப்பாட்டுச் செய்தி) 64ஐ, அதாவது சஸ்டெயின் பெடலை, 0 ஆக்கும் செய்தியும், அதன்பின் எல்லா நோட்டையும் நிறுத்தும் சிசி 123உம் 16 சேனலுக்கும் போகும்படி செய்துகொள்ளலாம். பெடல் அழுத்தியபடி இருந்தால் 123 மட்டும் போதாது.

கட்டைக்கான கூட்டல்: 1க்கு 0, 1½க்கு 1, 2க்கு 2, 2½க்கு 3, 3க்கு 4, 4க்கு 5, 4½க்கு 6, 5க்கு 7, 5½க்கு 8, 6க்கு 9, 6½க்கு 10, 7க்கு 11. மூன்றரைக் கட்டை இல்லை என்பதால், கட்டையை இரண்டால் பெருக்கி இரண்டு கழிக்கும் கணக்கு 3 வரைதான் செல்லும். அதற்கு மேல் ஒன்று தப்பும். பட்டியலாகவே எழுதிவிடுங்கள். 5 கட்டைக்கு மேல் ஒலி மிக உயரப் போவதாகத் தோன்றினால் 12 கழித்துக்கொள்ளுங்கள், அதாவது 5 கட்டைக்கு மைனஸ் 5.

பேடுகளும் கீகளும் ஒரே சேனலில் இருந்தால், கட்டை மாற்றும் பேடின் நோட் எண் கீபோர்டிலும் இருக்கும். வாசிக்கும்போதே கட்டை மாறிவிடும். பேடுகளை 10ஆம் சேனலுக்கு ஒதுக்குங்கள். மிடோவில் அது 9.

கேள்வி: உபுண்டுவில், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் மூலம் மிடோ நிறுவினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடுகிறது.

பதில்: புதிய டெபியன், உபுண்டு எல்லாம் சிஸ்டம் பைத்தானில் பிப் நிறுவலை அனுமதிப்பதில்லை. ஆப்ட் மூலமே பைத்தான்3 மிடோ, பைத்தான்3 ஆர்டிமிடி (இரண்டிலும் நடுவில் சிறு கோடு) இரண்டையும் நிறுவுங்கள். இரண்டாவது இல்லாமல் மிடோவுக்குப் போர்ட் திறக்க வராது. இல்லையென்றால் வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவலாம்.

கேள்வி: பிட்ச் பெண்ட் சக்கரத்தில் கமகம் வாசிக்க வேண்டும். சக்கரத்தை முழுக்கத் திருப்பினாலும் ஒரு முழு ஸ்வரம்தான் நகர்கிறது. எல்லையைக் கூட்டினால் வழுக்கலாக இல்லாமல் படிப்படியாகக் கேட்கிறது.

பதில்: இரண்டு பிரச்சினைகள் இங்கே சேர்ந்திருக்கின்றன. எல்லை சிந்த்தில் இருப்பது, வழக்கமாக மேலே 2 அரைஸ்வரம், கீழே 2. அதை மாற்ற ஆர்பிஎன் 0 (சிந்த்தின் அமைப்பை எண்ணால் மாற்றும் மிடி வழி) என்ற முறை உண்டு. சிசி 101க்கு 0, சிசி 100க்கு 0, பிறகு சிசி 6க்கு வேண்டிய அரைஸ்வர எண்ணிக்கை, சிசி 38க்கு 0. இதே வரிசையில் அனுப்புங்கள். முடிந்ததும் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பி மூடிவிடுங்கள். மூடாவிட்டால் அடுத்து எங்கிருந்தாவது சிசி 6 வந்தால் எல்லை மறுபடி மாறிவிடும். இந்த அமைப்பு கீபோர்டில் தங்குவதில்லை, சிந்த்தில்தான் தங்கும். ஆகவே சிந்த்தைத் துவக்கும் ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டும். ஃப்ளூயிட்சிந்த் இதை மதிக்கும். சில ப்ளக்இன்கள் மதிக்காது. அவற்றில் உள்ளே போய் மாற்ற வேண்டும்.

படிப்படியாகக் கேட்பதற்குக் காரணம் சக்கரம். மிடியின் பிட்ச் பெண்ட் 14 பிட், அதாவது 16,384 படிகள். ஆனால் விலை குறைந்த கன்ட்ரோலர் சில 128 படிகளை மட்டுமே அனுப்பும். ஏசெக்டம்ப்பை ஓடவிட்டு சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள். மதிப்பு 0, 128, 256, 384 என்று தாவினால் உங்களுடையது 128 படி வகை. கணக்கைப் பாருங்கள். மேலும் கீழும் 12 அரைஸ்வரம் வைத்தால் மொத்தம் 2,400 சென்ட் (ஓர் அரைஸ்வரம் 100 சென்ட்). 128ஆல் வகுத்தால் படிக்கு 18.75 சென்ட். காது அதைத் தெளிவாகப் பிடிக்கும். எல்லை 2 என்றால் படிக்கு 3 சென்ட்தான், வழுக்கலாகவே கேட்கும். உங்கள் சக்கரத்துக்கு எல்லையை 4க்கு மேல் கொண்டுபோகாதீர்கள் என்பது எங்கள் கருத்து. அதில் படிக்கு 6.25 சென்ட், பெரும்பாலான அசைவுகளுக்குப் போதும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஸ்கிரிப்டில் இடைப்படிகளைச் சேர்க்கலாம். புதிய மதிப்பு வந்தவுடன் அதை அப்படியே அனுப்பாமல், பழைய மதிப்பிலிருந்து நான்கு சம படிகளாக, 2 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக அனுப்புங்கள். 8 மில்லிசெகண்ட் தாமதம் கமகத்தில் உறுத்தாது. இன்னொன்று, விட்டதும் சக்கரம் சரியாக 0க்கு வருகிறதா என்றும் பாருங்கள். 128இலேயே நின்றுவிட்டால், 12 எல்லையில் உங்கள் ஸட்ஜம் தம்புராவோடு 18.75 சென்ட் விலகி நிற்கும். மைனஸ் 128 முதல் 128 வரை எது வந்தாலும் 0 என்று அனுப்பும்படி ஒரு நிபந்தனை போதும்.

கேள்வி: கோர்க் நானோகன்ட்ரோல்2 பெட்டியைச் சிந்த்தோடு இணைத்தேன். இரண்டாவது ஃபேடரைத் தள்ளினால் ஒலி நடுங்குகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்வரம் நிற்பதே இல்லை. பெட்டி பழுதா?

பதில்: பழுது இல்லை. சிசி முறையில் அதன் எட்டு ஃபேடர்களும் முதலில் சிசி 0 முதல் 7 வரை அனுப்பும்படி வருகின்றன. மிடி வரையறையில் அந்த எண்களுக்கு ஏற்கெனவே வேலை உண்டு. 1 என்பது மாடுலேஷன், அதனால்தான் நடுக்கம். முதல் ஃபேடர் 0, அதாவது பேங்க் தேர்வு. அடுத்த முறை வாத்தியம் மாற்றும்போது எதிர்பாராத ஒலி வரும். எட்டாவது 7, ஒலியளவு. ஏழாவது 6, மேலே சொன்ன ஆர்பிஎன்னை மூடாமல் விட்டவர்களின் பிட்ச் பெண்ட் எல்லையை இந்த ஃபேடர்தான் கலைக்கும். முதல் சேனலின் ரெக்கார்டு பட்டன் 64 அனுப்புகிறது, அது சஸ்டெயின் பெடலின் எண். நிற்காத ஸ்வரம் அதனால்தான்.

மிக்ஸிங்குக்கு மட்டும் என்றால் அதைச் சிந்த்தோடு இணைக்கவே வேண்டாம், ஆர்டூரோடு மட்டும் இணையுங்கள். ப்ரிஃபரன்சஸில் கன்ட்ரோல் சர்ஃபேஸ் பகுதிக்குப் போய் ஜெனரிக் மிடியை இயக்கி, திரையில் உள்ள ஃபேடரின் மேல் கன்ட்ரோல் கீயோடு மவுஸின் நடுப்பட்டனை அழுத்தி, பெட்டியின் ஃபேடரை நகர்த்தினால் அது கற்றுக்கொள்ளும். சிந்த்தையும் அதனால் ஆட்டிவைக்க வேண்டுமென்றால், நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து ஃபேடர்களை 102 முதல் 109க்கு மாற்றிவிடுங்கள். 102 முதல் 119 வரை மிடியில் யாருக்கும் ஒதுக்காத எண்கள். மாற்றியபின் பழைய நேரடி இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டும் போய்ச் சேரும்.

கேள்வி: வேறு டிராக்குக்கு மாறி ஃபேடரைத் தொட்டால் ஒலியளவு திடீரெனத் தாவுகிறது. ஃபேடர் பழைய மதிப்பைத் தொடும்வரை எதையும் அனுப்பாதே என்று ஸ்கிரிப்ட் எழுதினேன். சில சமயம் பிடிக்கிறது, சில சமயம் பிடிப்பதே இல்லை.

பதில்: ‘சமமா’ என்று கேட்டிருப்பீர்கள். ஃபேடரை வேகமாகத் தள்ளினால் 58, 61, 66 என்று எண்கள் விட்டுவிட்டு வரும். இலக்கு 64 என்றால் அது வரவே வராது. முந்தைய மதிப்பையும் வைத்துக்கொண்டு, முந்தையதுக்கும் இப்போதையதுக்கும் நடுவில் இலக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். 61க்கும் 66க்கும் நடுவில் 64 இருக்கிறது, பிடித்துவிடும். டிராக் மாறியதும் ‘பிடித்தது’ என்ற குறியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: கீ அழுத்தியபின் சற்றுத் தாமதமாக ஒலிக்கிறது. பைத்தான் மெதுவானது என்பதாலா?

பதில்: பெரும்பாலும் பைத்தான் இல்லை. பைப்வயர் வழக்கமாக 1,024 சாம்பிள்களைச் சேர்த்து அனுப்பும். 48,000 வேகத்தில் அது 21 மில்லிசெகண்ட். பிடபிள்யூ மெட்டாடேட்டா (நடுவில் சிறு கோடு) கட்டளையில் செட்டிங்ஸ் பகுதியின் ஃபோர்ஸ் குவான்டம் (ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள்) மதிப்பை 128 ஆக்கினால் 2.7 மில்லிசெகண்டாகும். மறுபடி 0 கொடுத்தால் பழையபடி. ஃப்ளூயிட்சிந்த்தை நேரடியாக ஆல்சாவில் ஓட்டுபவர்களுக்கும் இதே கதை: லினக்ஸில் 64 சாம்பிள் உள்ள 16 பஃபர், 44,100 வேகத்தில் 23 மில்லிசெகண்ட். பஃபர் எண்ணிக்கையை 4 ஆக்குங்கள், 6க்குக் குறையும்.

குறைத்தபின் படபடவென்று வெடித்தால், பிடபிள்யூ டாப் (நடுவில் சிறு கோடு) கட்டளையில் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் 256க்குப் போங்கள். உங்கள் பயனர் ஆடியோ குழுவில் இருக்கிறாரா, அந்தக் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமையும் மெம்லாக்கும் (நினைவகத்தைப் பூட்டும் உரிமை) தரப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குழுவில் சேர்த்தபின் லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் செல்லும்.

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு இடத்தைச் சோதியுங்கள். ‘செய்தி வந்ததா’ என்று பார்த்துவிட்டு 10 மில்லிசெகண்ட் தூங்கும் லூப் இருந்தால், ஒவ்வொரு ஸ்வரமும் 0 முதல் 10 வரை வெவ்வேறு அளவு தாமதமாகும். அது தாளத்தையே ஆட்டிவிடும். தூக்கத்தை எடுத்துவிட்டு, போர்ட் திறக்கும்போதே கால்பேக் (செய்தி வந்ததும் தானாக ஓடும் ஃபங்ஷன்) கொடுத்துவிடுங்கள்.

ஐந்து ஊசி உள்ள பழைய வட்டக் கேபிள் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1983இல் வைத்த வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோசெகண்ட், மூன்று பைட் உள்ள ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். பத்து விரலும் சேர்ந்து விழுந்தால் கடைசி நோட் 9 மில்லிசெகண்ட் பின்தங்கும். அதே கேபிளில் ஃபேடர் செய்திகளையும் கொட்டினால் இன்னும் பின்தங்கும்.

கேள்வி: லினக்ஸில் மிடி 2.0 வந்துவிட்டதாமே? அதற்காகப் புதுக் கருவி வாங்கலாமா?

பதில்: கெர்னல் 6.5இல், 2023இல் வந்தது. நீங்கள் வைத்திருக்கும் பழைய கன்ட்ரோலரின் 128 படிகளை அது 16,384 ஆக்கிவிடாது; அந்த எல்லை கருவிக்குள் இருக்கிறது. புதிய கருவி ஒன்று மிடி 2.0 முறையில் தடுமாறினால், யூஎஸ்பி ஆடியோ மாட்யூலுக்கு மிடி2 எனேபிள் என்ற அமைப்பை 0 ஆகக் கொடுத்துப் பழைய முறையிலேயே ஓட்டலாம்.